கடைசிப் பெயர்

நடையில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, அய்யா வரவில்லை.

பூமிநாதன் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி காதுகொடுத்தான். வாசலிலிருந்து அடுப்படிக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் முடிந்துபோகிற நடை அது. சர்க்கரை வந்த பிறகு வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடுதான் அய்யா நடப்பார். பின்கட்டுக் களத்தில் காய்கிற மிளகாயின் நெடி உச்சி வெயிலோடு சேர்ந்து வந்து மூக்கை அரித்தது. ஓட்டுக்கு அடியில் அணில் ஓடியது. ராமேஸ்வரம் போகிற பேருந்து ஒன்று உச்சிப்புளித் திருப்பத்தில் ஆரன் அடித்து ஓய்ந்தது. அத்தனைக்கும் அடியில், நெருங்காமல், விலகாமல், ஒரே இடத்தில் அந்தச் சரக் சரக். மனசுக்குள் எண்ணத் தொடங்கினான். நாற்பதைத் தாண்டியதும் எழுந்தான்.

அய்யா சுவரைப் பார்த்து நின்றார். நின்றார் என்று சொல்ல முடியாது, நடந்துகொண்டிருந்தார். நெற்றி சுண்ணாம்புச் சுவரில் முட்டியிருக்க, கைகள் வீசியபடி, ஒரு கால் மாற்றி ஒரு கால்.

“அய்யா!”

தோளைப் பிடித்து உலுக்கியதும் கால்கள் நின்றன. திரும்பினார். நெற்றியில் வெள்ளை அப்பியிருந்தது.

“என்னலே? களத்துக்குப் போறேன். மிளகாயக் கிண்டிவிட வேணாமா?”

“களம் அங்கன இருக்கு. இங்கன சுவருல்ல?”

“அறுபது வருசமா குடியிருக்கவனுக்கு நீ வழி சொல்றியா? போயிச் சோத்தத் தின்னு, காக்கா கொத்திரும்.”

அவர் சிரித்தார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நடையை அவன் முன்பே பார்த்திருந்தான். மனிதர் யாரிடமும் இல்லை. கணினித் திரையில்.

மலையாண்டி வாங்கிவந்த விளையாட்டு அது. பரமக்குடியில் கல்லூரி இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்த தம்பி. அம்மா இல்லாத வீட்டில் மூன்று ஆண்கள் மட்டும் என்பது தெரியாதபடி பேசிக்கொண்டே இருப்பவன். கடலில் மூழ்கிய கோட்டை ஒன்றுக்குள் தாடிவைத்த வீரன் ஒருவன் மாடி மாடியாக ஏறிப்போக வேண்டும். வீரனுக்குப் பெயர் கேட்டது, மலையாண்டி என்று தட்டினான். இரண்டு மாடி ஒழுங்காகப் போனது. மூன்றாவதில் ஒரு சுவர் வரும். வீரன் அதில் முட்டுவான். கால் நடக்கும், ஆள் நகரமாட்டான். சில நேரம் பாதி உடம்பு சுவருக்குள் போய்ச் செருகிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“மூணாவது மாடிய அவய்ங்க கட்டவே இல்லண்ணே,” என்று கத்துவான் தம்பி. “பாதி வீட்டக் கட்டி வித்துட்டு, மிச்ச மாடி தனி சிடியாம், அதுக்குத் தனியாக் காசு வையிங்கிறாய்ங்க. கொத்தனாரு இப்புடிப் பண்ணுனா அய்யா சும்மா விடுவாரா?”

“மம்பட்டிக் காம்பாலயே போடுவேன்,” என்று களத்திலிருந்து குரல் வரும்.

கத்தினானே தவிர, அந்தச் சிடிக்கும் பணம் கட்டினான். இணையத்தில் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். கடைசிப் பெயர் நமக்கு ஏது? இன்ஷியலைப் போட்டுப் பார்த்தான். சிவப்பு எழுத்தில் மறுத்தது. ஊரில் எல்லோரும் செய்வதுபோல அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டுவிட்டான். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அன்புள்ள திரு. ராக்கப்பன் என்று ஆங்கிலத்தில்.

“எனக்கு எவன்லே இங்கிலீசுல லெட்டர் போடுறது?” என்றார் அய்யா. “பொண்ணு கிண்ணு பாக்குறாய்ங்களா?”

அன்று மூன்று பேரும் சிரித்த சிரிப்புதான் கடைசி. அடுத்த வாரம், காலை பத்தரை மணி பாசஞ்சரில் மலையாண்டி அடிபட்டுப் போனான். ரயில்வே கேட்டில் இருந்த பாக்கர், துக்கத்துக்கு வந்தபோது பூமிநாதனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “தண்டவாளத்துக்கு நடுவுல நடந்துக்கிட்டே இருந்தாப்ல தம்பி. ஆனா ஒரு எட்டு நகரல. கத்துனேன், கொடியக் காட்டுனேன், திரும்பல. பெறகு அந்த நடையும் நின்னுபோச்சு. பொம்மையாட்டம் அப்புடியே நின்னாப்ல. அல்லா சத்தியமா நான் பாத்தது இதுதான்.” யாரும் நம்பவில்லை. பூமிநாதனும் நம்பவில்லை.

மூன்று மாதம் கழித்து, நேற்று, அந்தச் சிடி தபாலில் வந்தது. தம்பி விட்ட இடத்திலிருந்து மிச்ச மாடிகளை ஏறி முடித்துவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது. கருமாதியில் கொடுக்காத ஏதோ ஒன்றைக் கொடுப்பதுபோல. இன்று காலை போட்டான். திரையில் ‘வருக, ராக்கப்பன்’ என்று எழுத்து வந்தது. தம்பியின் பெயர் எங்கும் இல்லை. சுவரையும் யாரும் சரிசெய்திருக்கவில்லை. வீரன் வந்தான், முட்டினான், நடந்தான். மேலே போக இன்னொரு பகுதியை வாங்கவும் என்று ஒரு பெட்டி விழுந்தது. எரிச்சலோடு எழுந்து வந்துவிட்டான். அணைக்கவில்லை. அந்தக் கணினியை அணைக்க அவனுக்குக் கை வராது.

இப்போது அறைக்குள் போனான். வீரன் அதே சுவரில் நடந்துகொண்டிருந்தான். விசைப்பலகையில் யாருடைய கையும் இல்லை. வெளியே நடையில் சரக் சரக் மறுபடி தொடங்கியிருந்தது. திரையில் இடது கால் விழும்போது அங்கே ஒரு சரக். வலது கால், இன்னொரு சரக்.

பின்னால் போகிற விசையை மெதுவாக அழுத்தினான். வீரன் இரண்டு எட்டு பின்வாங்கினான்.

“ஏலே, யாருலே என்னையப் பின்னால இழுக்குறது?” என்றார் அய்யா நடையிலிருந்து.

விரலை எடுத்தான். வீரன் முன்னால் போய் முட்டினான். சுவரில் நெற்றி மோதும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

சிடி உறையில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. கணினி மேசையிலேயே போன் இருந்ததால், ஒரு விரலால் விசையைத் தட்டிக்கொண்டே எண்களை அழுத்த முடிந்தது. மணி ஒன்று நாற்பது. அந்த வருடம் தினமும் இரண்டு மணிக்கு மின்வெட்டு. ஒரு பெண் எடுத்தாள். கனிவான குரல்.

“உங்க கடைசிப் பெயர் சார்?”

அய்யா பெயரை வாய்விட்டுச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. நாக்கு தடுமாறியது. “ராக்கப்பன். ஆனா அது எங்க அய்யா பேரு. அவரு விளையாடல. இத அவரு தொட்டதுகூட இல்ல.”

“பதிவுல அவர்தான் சார் இருக்கார்.”

“தப்பாப் போட்டுட்டோம். என் பேரா மாத்துங்க. பூமிநாதன். எழுதிக்கங்க, பூமிநாதன்.”

“பதிஞ்ச பேர மாத்த முடியாது சார்.” விசைகள் தட்டும் சத்தம். “இப்ப அவர் எங்க நிக்கிறார்?”

அவன் திரையைப் பார்த்தான். “சுவத்துல.”

“சரி சார். கம்ப்யூட்டர மட்டும் அணைச்சிராதீங்க,” என்றாள் அதே கனிவோடு. “போன தடவை நீங்க அணைச்சுட்டீங்க.”

தொடர்பு அறுந்தது.

தம்பி அடிபட்ட அன்று காலை. தம்பி விளையாட்டை ஓடவிட்டு வெளியே போயிருந்தான். வீரன் சுவரில் நடந்துகொண்டிருந்தான். கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலைக்குக் கிளம்பிய பூமிநாதன், வீணாக ஓடுகிறதே என்று அணைத்துவிட்டுப் போனான். மணி பத்தரை இருக்கும். இதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

பின்னால் போகிற விசையை விடாமல் அழுத்தினான். வீரன் வரவில்லை. முன்னே இழுப்பது யாரென்று தெரியவில்லை. ஆனால் யாரோ இழுத்தார்கள். தோள் சுவருக்குள் போனது. விரல் நுனி வெளுக்கும்வரை அழுத்தினான். தோளோடு நின்றது. விரலை எடுத்தால் மீதியும் போய்விடும். எழுந்து நடைக்கு ஓடவும் முடியாது.

“அய்யா! சுவர விட்டு வாங்கய்யா!”

“வாரேன்லே.” குரல் மூடிய பானைக்குள்ளிருந்து வந்ததுபோல இருந்தது. “பயப்படாத. சுவரு வழி விடுதுலே.”

மின்விசிறி சுற்றி ஓய்ந்தது.

யூபிஎஸ் கூவியது. ஒரு கூவல். இடைவெளி. ஒரு கூவல். வழக்கமாகப் பத்து நிமிடம் தாங்கும்.

“திரும்புங்கய்யா. ஒரு எட்டு. ஒரே ஒரு எட்டு.”

திரையில் வீரனின் முதுகு மட்டும். பிறகு பாதி முதுகு.

இடைவெளி குறைந்தது.

வலது. இடது. பின்னால். பின்னால். பின்னால்.

கூவல் நீண்ட ஒரே சத்தமானது.

திரை கறுத்தது.

ஓடினான். நடையில் யாரும் இல்லை. செருப்பு இரண்டும் சுவரைப் பார்த்துக் கிடந்தன. விரிசல் இல்லை. சுண்ணாம்பு உதிரவில்லை. இடுப்பு உயரத்தில், சுவரிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டிருந்தது. மணிக்கட்டு வரை. நகக்கண்ணில் மிளகாய்ச் சிவப்பு.

பற்றினான். சூடாக இருந்தது. விரல்கள் மூடி அவன் கையை இறுக்கிக்கொண்டன.

“அய்யா.”

மின்சாரம் வர நான்கு மணி ஆகும். கையை விடாமல் சுவரோடு ஒட்டி நின்றான். அவன் முகத்துக்கு நேரே, ஒரு முகம் இருக்கவேண்டிய உயரத்தில், சுண்ணாம்பு மெல்ல உள்வாங்கியது.

வெளியே வந்தது.

உள்வாங்கியது.