பேனரில் இருந்தவர்

பேனரில் இருந்த ஆள் பள்ளிக்கூட கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

முதலில் பார்த்தவள் எழில்மதிதான். கையிலிருந்த பூத்தட்டு சாய்ந்து, பூவெல்லாம் காலடியில் கொட்டியது.

அதே முகம். அதே விடைத்த காதுகள். இடது புருவத்தின் நடுவே அதே வெட்டுத் தழும்பு. மீசை மட்டும் நரைத்திருந்தது.

பேனரில் அவர் ராணுவ உடையில் இருந்தார். படத்துக்கு மாலை போட்டிருந்தது. ‘கார்கில் போரில் உயிர்நீத்த வீரர் தியாகராசனுக்கு எங்கள் அஞ்சலி’ என்று கீழே பெரிதாக எழுதியிருந்தது.

இரண்டாம் வகுப்பு நிலா எழில்மதியின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, செத்துப்போனவங்க திரும்பி வருவாங்களா?”



வந்தவர் பேனருக்கு எதிரே நின்றுவிட்டார். தலைமையாசிரியை ஞானசௌந்தரி வேகமாக அருகில் வந்தார். பேனரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் பேனரைப் பார்த்தார்.

“நீங்க...”

“முத்தையன். தியாகராசனோட தம்பி. சுரக்குடியிலேருந்து வர்றேன். வரச் சொல்லியிருந்தீங்க.” அவர் பேனரைக் காட்டினார். “அதுல இருக்கறது நான், டீச்சர். எனக்கு மாலை போட்டிருக்கீங்க.”



தியாகராசன் இதே பள்ளியில் படித்தவர். போரில் இறந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. அவருடைய வீரப் பதக்கம் அதன் பிறகுதான் வீட்டுக்கு வந்தது. அவரை நினைவுகூரத்தான் இன்றைய கூட்டம். அவர் வீட்டில் படம் வாங்கி, பேனர் அடித்துக்கொண்டு வரும் வேலையை ஏழாம் வகுப்பு எழில்மதி தானே கேட்டு வாங்கியிருந்தாள்.

“கடைக்காரர் மாத்திப் போட்டுட்டாரு போல. இருங்க, கேக்கறேன்” என்று ஞானசௌந்தரி போனை எடுத்தார்.

எழில்மதி பேசாமல் இருந்தால் திட்டு கடைக்காரருக்குப் போய்விடும். அவள் பேரே வெளியில் வராது. ஆனாலும் கால்கள் முன்னே நடந்தன.

“போன் பண்ணாதீங்க டீச்சர். தப்பு என்னுது.”

நோட்டுக்குள் பத்திரமாக வைத்திருந்த பழைய படத்தை எடுத்து நீட்டினாள். அதில் இரண்டு இளைஞர்கள் இருந்தார்கள். ஒருவர் ராணுவ உடையில் விறைப்பாக நின்றார். இன்னொருவர் கைலியும் பனியனுமாக, அவர் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“அவங்க வீட்டுல செல்லம்மா அத்தை குடுத்தாங்க. மத்த போட்டோ எல்லாம் கஜா புயல்ல நனைஞ்சுபோச்சு, இது ஒண்ணுதான் மிச்சம், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இதுல இருக்காங்கன்னு சொன்னாங்க. யாரு அண்ணன்னு நான் கேக்கல. ‘மிலிட்டரி டிரஸ்காரர் மட்டும் போதும், கைலி கட்டினவரை வெட்டிடுங்க’ன்னு நான்தான் கடையில சொன்னேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. யாரை நினைவுகூர வேண்டுமோ, அவரையே வெட்டி எறியச் சொல்லியிருக்கிறாள்.

“கைலி கட்டினவன்தான் எங்க அண்ணன்” என்றார் முத்தையன்.



“கூட்டத்தை இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாங்க” என்றார் ஞானசௌந்தரி. முத்தையன் தலையசைத்துவிட்டு கேட்டின் பக்கம் திரும்பினார்.

“போகாதீங்க ஐயா” என்றாள் எழில்மதி. “இந்தப் போட்டோ சின்னது. பின்னால உக்காந்திருக்கவங்களுக்குத் தெரியாது. நாங்க எல்லாரும் வரிசையா கிட்ட வந்து பாக்கறோம். நீங்க பக்கத்துல உக்காந்து அவரைப் பத்திச் சொல்லுங்க.”

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பெஞ்சின் மேல் ஏறி மாலையைக் கழற்றினாள். பேனரின் கயிறுகளையும் அவிழ்த்தாள். ஒரு நாற்காலியில் படத்தை நிறுத்தினாள். மாலையைப் போட்டால் படமே மறைந்தது. அதனால் நாற்காலியின் முதுகில் அதைச் சுற்றிவிட்டாள்.

முத்தையன் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

வரிசையில் முதல் ஆள் நிலா. படத்துக்கு மூக்கு படும் தூரத்தில் நின்று பார்த்தாள்.

“இவரு ஏன் சிரிக்கறாரு?”

“லீவுல வந்திருந்தான். ‘நீயும் ஒருதரம் போட்டுப் பாருடா’ன்னு அவன் சட்டையை எனக்கு மாட்டிவிட்டான். அதுக்குள்ள இன்னொரு ஆளு நிக்கலாம், அவ்ளோ தொளதொளன்னு இருந்துச்சு. போட்டோ புடிக்கறவரு அசையாதீங்கன்னாரு. அண்ணனால சிரிப்பை அடக்க முடியல.”

நிலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “அப்புறம்?”

“எட்டாம் நாளு ரயில் ஏறிட்டான். அப்புறம் தந்திதான் வந்துச்சு.”

நிலா அவர் முகத்தையே பார்த்தாள். “அழுகை வருதா?”

“வருதும்மா.”

“அப்ப நான் கொஞ்ச நேரம் இங்கயே நிக்கறேன்.”

அவள் அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த பையன் வந்தான். அவனும் ஒரு கேள்வி கேட்டான். அதற்கு அடுத்தவள் இரண்டு கேட்டாள். அண்ணனுக்கு நீச்சல் தெரியுமா, கணக்கில் எத்தனை மார்க், பேய்க்குப் பயப்படுவாரா என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. முத்தையன் ஒன்றையும் விடாமல் பதில் சொன்னார்.

மதிய உணவு மணி அடித்தது. வரிசை கலையவில்லை.

தலைமையாசிரியை போனைக் கைப்பையில் போட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.