வேலப்பனின் வயிற்றுவலி

காலை மணி அடித்ததும் இயந்திரங்கள் வரிசையாக வந்து நின்று, தங்களுக்கு எங்கெங்கே வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கின.

வியாழன் கோளைச் சுற்றும் கனிமீடு நிலவில், பனியைக் குடைந்து தண்ணீர் எடுக்கும் வெண்கரைக் குடியிருப்பில் தினமும் இப்படித்தான் பொழுது விடியும். முதலில் வந்த பணியன் இயந்திரங்களுக்கு வலி என்பதே கிடையாது. முழங்கால் முறிந்தாலும் நொண்டி நொண்டிக் குடைந்துகொண்டே இருந்து, கடைசியில் ஒரேயடியாக விழுந்து நொறுங்கிப் போகும். நஷ்டம் தாளாமல் நிர்வாகம் அவற்றுக்குள் நோவுணரி என்ற சில்லைப் பொருத்தியது. அதற்குப் பிறகு ஒரு திருகாணி இறுகினால்கூட உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் உடனே கவனிப்பு.

குறை கேட்பது நிறைமதியின் வேலை. அவள் உள்ளங்கையில் ஒட்டிய நோவுக்கயிற்றின் மறுமுனையை இயந்திரத்தின் மணிக்கட்டில் செருகினால், அதன் வலியில் ஒரு துளி அவளுக்கும் தெரியும். பொய் சொல்லி ஓய்வு கேட்கும் பேச்சே இல்லை.

"எங்கே வலிக்குது?"

"இடது தோளில், அம்மா. விண்விண் என்று தெறிக்கிறது."

"பொறுத்துக்காதே. நேரா பணிமனைக்குப் போ."

பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் வெண்கரையின் முதல் விதி. இயந்திரங்களுக்கு.

இதைச் சொல்லிக்கொண்டிருந்த நிறைமதி, மேசைக்கடியில் ஒரு வெந்நீர்ப் பையை அடிவயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாதவிலக்கு வந்தால் அவளுக்கு வயிற்றை ஈரத்துணி மாதிரி யாரோ முறுக்கிப் பிழிவது போலிருக்கும். இடுப்பும் தொடையும் விட்டுப்போகும், வாந்தி வரும். கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார்கள்; கல்யாணம் ஆனது, வலி போகவில்லை. குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அந்தக் குழந்தைதான் வரவில்லை. கர்ப்பப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியே படர்ந்து, கரு தங்கவிடாமல் செய்கிறதோ என்று அவள் சந்தேகப்பட்டாள். வெண்கரையில் இருந்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. வயிற்றைத் திறந்து பார்க்கும் வசதி செவ்வாய் மருத்துவமனையில்தான் உண்டு.

"எனக்கும்தான் வந்துச்சு," என்பார் டாக்டர் பிரிசில்லா. "வலியோடதான் டூட்டி பார்த்தேன். இப்ப பாரு, எல்லாம் நின்னுபோய் நல்லாத்தான் இருக்கேன். பொம்பளைன்னா இது இருக்கறதுதானே? வெந்தயத்தை மோர்ல போட்டுக் குடி."

பூமியிலிருந்து என்னென்னவோ விட்டுவிட்டு வந்தவர்கள் வெந்தயத்தை மட்டும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்கள்.

செவ்வாய்க்குப் போகும் மருத்துவக் கப்பல் அன்று மாலை கிளம்புவதாக இருந்தது. அதில் ஒரே ஓர் இடம் காலி. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த இடம் யாருக்கு என்று தீர்மானிப்பவர் தலைமைப் பொறியாளர் கோதண்டம். நிறைமதி அவரிடம் கேட்காமல் இல்லை. "நீ சொல்றே சரிம்மா, ஆனா ஆதாரம் வேணுமே," என்று கையை விரித்துவிட்டார்.

வரிசையின் கடைசியில் வேலப்பன் வந்து நின்றது. குடைவுப் பணியன்களிலேயே பெரியது. முன்பொரு முறை பனிச்சரிவில் கை பிய்ந்தபோது, பிய்ந்த கையை மறு கையில் எடுத்துக்கொண்டு தானே பணிமனைக்கு நடந்து வந்தது. வேலப்பனைப் பார்த்ததும்தான் நிறைமதிக்கு அந்த யோசனை தோன்றியது. நோவுணரிகளைச் சோதிப்பதற்காக, வலி எதிர்த்திசையில் பாயும்படி நோவுக்கயிற்றில் ஒரு விசை இருந்தது.

"வேலப்பா, என் வலியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்றியா? ஒருத்தராவது சொல்லணும்ப்பா."

"சொல்கிறேன், அம்மா."

அவள் விசையைத் திருப்பினாள். வேலப்பன் அப்படியே மடிந்து விழுந்தது. வயிறு இருக்க வேண்டிய இடத்திலிருந்த தகட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அது அலறிய அலறலில் அபாய மணிகள் தாமாகவே ஒலித்தன. குடைவு வேலை மொத்தமும் நின்றது. கோதண்டம் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். பின்னாலேயே டாக்டரும் வந்தார். நிறைமதி அவசரமாகக் கயிற்றைப் பிடுங்கினாள்.

"என்னப்பா பண்ணுது? எங்க வலிக்குது?" கோதண்டம் அதன் பக்கத்தில் மண்டியிட்டார்.

"இது என் வலி இல்லை, ஐயா. இவருடையது," என்றது வேலப்பன். "கை பிய்ந்தபோதுகூட இப்படி இல்லை. இதை வைத்துக்கொண்டு இவர் எப்படி உட்கார்ந்து வேலை செய்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை."

நிறைமதிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் முதன்முதலாக ஒரு சாட்சி.

கோதண்டம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அட, அதுவா! நான் பயந்தே போயிட்டேன்."

"சார், இப்பவாவது நம்புறீங்களா? கப்பல்ல அந்த இடம்..."

"நம்புறேம்மா. முழுசா நம்புறேன். இவ்வளவையும் தாங்கிக்கிட்டு நிக்கிறியே, இந்தத் தைரியம் யாருக்கு வரும்? ஆனா உனக்குப் பழகிப்போச்சு. இது பாவம், மெஷின். இதுக்கு இதெல்லாம் பழக்கமே இல்லையே."

"முதல் தடவை இல்லையா, அதிர்ச்சி இருக்கும்," என்றார் டாக்டர். "இன்னைக்கே அனுப்பிடுங்க." நிறைமதியின் வெந்நீர்ப் பையை வாங்கி, வேலப்பனின் தகட்டின் மேல் வைத்துக் கட்டினார்.

மாலையில் வேலப்பன் கப்பலேறியது. அது திரும்பும்வரை அதன் பாதி வேலையை நிறைமதி பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடாயிற்று.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த கூட்டத்தில் கோதண்டம் ஒரு புதிய விதியை அறிவித்தார். மாதத்தில் அந்த நாட்களில் பெண் ஊழியர்கள் எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாது, பக்கத்தில் வரவும் கூடாது. வலி கசிந்து நோவுணரிகளைக் கெடுத்துவிடுமாம். அவர்களுக்கென்று நடைகூடத்தின் கோடியில் ஓர் அறை, தனித் தட்டு, தனித் தம்ளர்.

"அந்தக் காலத்துல பூமியில மூடநம்பிக்கையால பொண்ணுங்களை ஒதுக்கி வச்சாங்களாம். எவ்வளவு அநியாயம்!" என்றார். "நம்மது அப்படியில்ல. இது முழுக்க விஞ்ஞானம்."

எல்லோரும் கைதட்டினார்கள். டாக்டர் பிரிசில்லாதான் முதலில் தட்டினார்.

கோடி அறை முன்பு பனிக்கட்டி மாதிரிகளை வைத்திருந்த இடம். அதன் குளிரில் நிறைமதி மாதாமாதம் சுருண்டு கிடந்தாள். வேலப்பனின் பாதி வேலையும் அவளை விட்டுப் போகவில்லை, வலியும் போகவில்லை. வேலப்பன் வரட்டும், அது எனக்காகப் பேசும் என்ற ஒரே நினைப்பில்தான் நாளை ஓட்டினாள்.

ஒரு சரக்குக் கலத்தில் வேலப்பன் திரும்பி வந்தது. மேலெல்லாம் புது வர்ணம். கோடி அறைக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை அன்று அதற்கு விழுந்தது. கதவின் கீழ்த் திறப்பு வழியாக ஒரு நீளக் கம்பி தட்டை உள்ளே தள்ளியது; அப்பால் அந்தப் பெரிய இரும்புக் கால்கள் தெரிந்தன.

"வேலப்பா!" நிறைமதி தவழ்ந்து திறப்பருகே போனாள். "வந்துட்டியா? அன்னைக்கு எப்படி இருந்ததுன்னு அவங்ககிட்ட இன்னொரு தடவை சொல்லுப்பா. நீ சொன்னா கேப்பாங்க."

வேலப்பன் கம்பியை வெளியே இழுத்துக்கொண்டது. செவ்வாயில் அதன் வலியை வேரோடு எடுத்து, நன்றாகக் குணப்படுத்தி அனுப்பியிருந்தார்கள்.

"எனக்கும்தான் வந்தது, அம்மா," என்றது கனிவாக. "இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தம்ளரில் மோர் இருக்கிறது, வெந்தயம் போட்டிருக்கிறேன்."