தலைவிளக்கின் நீலம்

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. கேமராப் பையோடு பொத்தோசி மலைச்சரிவில் ஏறி வந்த நிக்கனோருக்குத் தொண்டை வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எவாரிஸ்தோவின் வீட்டு ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். சுரங்கம் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்டவன் அவன். மீட்பதற்குள் தண்ணீரில்லாமல் செத்துப்போனான். இன்று நவம்பர் முதல் தேதி, செத்தவர்கள் வீடு திரும்பும் நாள். உச்சிப்பொழுது மணியோடு அவன் ஆவி வீட்டுக்கு வரும். கறுப்புத் துணி விரித்த மேசையில் அவனுக்கான படையல்: ரொட்டிப் பொம்மைகள், கோக்கா இலை, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கண்ணாடிக் குவளை நிறையத் தண்ணீர்.

"மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துடுங்க தம்பி," என்றாள் அவன் மனைவி எயுசேபியா. "கலாமாவுல வேல செய்யற மகனுக்கு அனுப்பணும். அப்பன் மேசை எப்படியிருக்கோ அப்படியே தெரியணும்."

முதல் படத்தில் டியூப்லைட் பக்கம் எல்லாம் பாசி பிடித்த பச்சை. குண்டு பல்பின் பக்கம் மஞ்சள் காமாலை.

"என்னை ஏன்யா பச்சோந்தி ஆக்கிட்ட?" என்று படத்தின் ஓரத்தில் விழுந்த தன் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள் நாத்தனார் கசிமிரா. "எங்கண்ணன் பாத்தா வந்த வழியே ஓடிடுவான்."

"ரெண்டு விளக்கு, ரெண்டு நிறம் அக்கா. கேமரா எதைத்தான் நம்பும்?"

பெண்கள் அடுப்படிக்குப் போனார்கள். அவன் டியூப்லைட்டை அணைத்தான். வெள்ளைத் தட்டொன்றைப் பல்பு வெளிச்சத்தில் பிடித்து, எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸை அதற்குப் பொருத்தினான். ரொட்டி ரொட்டி நிறத்துக்கு வந்தது. குவளை மட்டும் கண்ணைக் கூசவைத்தது. ஓரமாக வைக்கத்தான் எடுத்தான். கை வாய்க்குப் போனது தெரியவில்லை.

முழுதும் இறங்கிய பிறகுதான் உறைத்தது.

கோயில் மணி அடித்தது.

காலிக் குவளையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினான்.

ஈரக்கல் வாடை. வெடிமருந்து வாடை.

திரையில் எல்லாம் சரியான நிறம். குவளைமேல் மட்டும் ஒரு நீல வட்டம்.

பல்புக்குப் பொருத்திய கேமராவில் சுரங்கத்துத் தலைவிளக்கின் வெள்ளை வெளிச்சம்தான் அப்படி நீலமாக விழும். அறையில் அப்படி விளக்கு எதுவும் இல்லை.

அடுத்த படத்தில் வட்டம் குவளைக்குள் கிடந்தது, யாரோ குனிந்து பார்ப்பதுபோல.

அதற்கடுத்த படம் முழுக்க நீலம்.

விளக்கு அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"குடிச்சிட்டாரா?" வாசலில் எயுசேபியா. முகமெல்லாம் கண்ணீர். "வந்துட்டாரு பாரு கசிமிரா! ஒரு சொட்டு வைக்கல!"

நிக்கனோர் தலையாட்டினான்.

குவளையை மறுபடி நிரப்பினாள். மறுநாள் ஆவி கிளம்பும் நேரம்வரை அது குறையவில்லை. "தாகம் அடங்கிருச்சு அவருக்கு," என்றாள்.

ஒரு வாரம் கழித்து அடையாள அட்டைக்காக நிக்கனோர் தன்னையே படமெடுத்துக்கொண்டான். ஸ்டுடியோவில் ஒரே பல்பு. படத்தில் முகம் சரியாகவே இருந்தது. தொண்டைமேல் நீல வட்டம்.

எவாரிஸ்தோவுக்கு அவன் இன்னும் ஒரு குவளைத் தண்ணீர் கடன்பட்டிருந்தான்.