திரும்பித் தாண்டிய தளபதி

ஆறாம் வகுப்பு தேவிப்பிரியாவுக்கு ஒட்டுமீசை. ஒட்டினால் மூக்கு அரிக்கும். ஒட்டாவிட்டால் தளபதியாக முடியாது.

பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பழைய சோக நாடகம் ஒன்று. நாட்டாசை பிடித்த தளபதி ராஜாவைக் கொல்கிறான். கிரீடத்தை எடுத்துக்கொண்டு, தூங்கும் குட்டி இளவரசன்மேல் கத்தியை ஓங்குகிறான். ஆனால் கை நடுங்குகிறது. கொல்லாமல் போய்விடுகிறான்.

"அவனை மட்டும் ஏன் மிஸ் கொல்லல?" என்று கேட்டாள் தேவிப்பிரியா.

"புத்தகத்துல அது இல்ல தேவி. எனக்கும் தெரியல" என்றார் அருள்மொழி மிஸ்.

அதைவிடப் பெரிய தொல்லை, இளவரசனாக நடிக்கும் ஒன்றாம் வகுப்பு கிஷோர். பாயில் சமர்த்தாகத் தூங்குவான். மீசையும் அட்டைக் கத்தியும் கிட்டே வந்ததும் ஒரு கண்ணைத் திறப்பான். அப்புறம் அயனம்பாக்கம் ஏரிவரைக்கும் கேட்கும்படி அலறுவான்.

"இன்னும் ஒரு தடவை அழுதான்னா, தலையணைக்குப் போர்வை போத்தி இளவரசனா வச்சிடுவேன்" என்றார் மிஸ்.

"தலையணை பிஸ்கட்டும் கேக்காது மிஸ்" என்றான் ராஜாவாக நடிக்கும் ராகேஷ்.

கிஷோரின் முகம் சுருங்கிப்போனது. தெரு முழுக்க "நான்தான் இளவரசன்" என்று சொல்லி வைத்திருக்கிறான். அவன் அம்மா பட்டு வேட்டி வேறு வாங்கிவிட்டார். தேவிப்பிரியாவுக்குப் பாவமாக இருந்தது.

ஒத்திகை தொடங்கியது. ஏரிக்காற்றில் நீலத் திரை மெல்ல ஆடியது. கூடமே தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருந்தது. தேவிப்பிரியா கிஷோரைத் தாண்டிப் போய்க் கிரீடத்தை எடுத்தாள். கத்தியை ஓங்கினாள். கிஷோரின் உதடு பிதுங்கியது.

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ஐயோ, குழந்தையைத் தாண்டிவிட்டோமே! வீட்டில் தம்பிப் பாப்பாவைத் தாண்டினால் அம்மா போடும் சத்தம் காதில் கேட்டது: "திரும்பித் தாண்டுடி! புள்ள வளராது!"

கால் தானாகத் திரும்பியது. வந்த வழியே கிஷோரை மெதுவாகத் தாண்டினாள்.

செத்துக் கிடந்த ராஜா எழுந்து உட்கார்ந்துவிட்டான். "மாமே! கொல்ல வந்தவன், புள்ள வளரணும்னு பாக்குறான்டா!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தேவிப்பிரியாவுக்கு வெட்கமாகப் போயிற்று. கிஷோர் மட்டும் அழ மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையில் இருவரும் ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். தண்ணீரில் மேகங்கள் மெல்ல நகர்ந்தன.

"யக்கா, தளபதி கெட்டவனா?"

"கெட்டவன்தான். ராஜாவையே கொன்னுட்டானே."

"அப்ப இன்னாத்துக்கு என்னைத் திரும்பித் தாண்டுனான்?"

தேவிப்பிரியா நின்றுவிட்டாள். தளபதியும் இதேபோல ஒரு கரையில் அந்தக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்திருப்பானோ?

"நீ வளரணும்னுதான்டா. அவனுக்குக் கிரீடத்து மேல ஆசை. உன்கிட்ட இன்னா சண்ட? உன் பக்கத்துல வந்ததும், அதுக்கு மேல அவனால கெட்டவனா இருக்க முடியல."

"அப்ப மன்னிச்சிடலாமா?"

"அதெப்படி? கடைசி சீன்ல தனியாதான் சாவான்."

கிஷோர் யோசித்தான். "பாவம். ஆனா சாவட்டும்" என்றான்.

மறுநாள் விழா. எதற்கும் இருக்கட்டும் என்று மிஸ் திரை ஓரத்தில் தலையணையோடு நின்றார்.

இளவரசனைத் தாண்டிப் போய்க் கிரீடத்தை எடுத்த தளபதி கத்தியை ஓங்கினான். கை நிஜமாகவே நடுங்கியது. கத்தியைக் கீழே போட்டான். குனிந்து இளவரசனுக்குப் போர்வையை இழுத்துவிட்டான். பிறகு நிதானமாக, வேண்டுமென்றே, திரும்பித் தாண்டினான்.

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்த நொடி கூட்டம் முழுக்க அமைதியாகிவிட்டது. அங்கிருந்த எல்லாரும் எப்போதாவது ஒரு குழந்தையைத் திரும்பித் தாண்டியவர்கள்தான். கிஷோரின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிஷோர் கண்ணைத் திறக்கவே இல்லை. தூக்கத்தில் லேசாகச் சிரித்தான்.

அடுத்த நாள் காலையில் தேவிப்பிரியாவின் வகுப்பு வாசலில் கிஷோர் நின்றான். கதவில் முதுகை ஒட்டி, விறைப்பாக நின்றுகொண்டு கேட்டான்:

"யக்கா, நல்லா பாரு. கொஞ்சம் வளந்துகீறேன்ல?"