காலி நாற்காலி விதி

சமனி ஐம்பது என்று சொல்லிவிட்டது. ஐம்பது என்றால் மந்திரம் சுத்தம், மறுபேச்சு கிடையாது. ஆனாலும் மூன்றாவது ஞாயிறாக இருதயராஜின் நாற்காலி காலியாகக் கிடந்தது. பத்மலோசினிக்கு ஒன்றும் புரியவில்லை.

உறையூரில் அவள் வீட்டு மாடியறையில் ஒன்பது வருடமாக நடக்கிற மேசைக்கதை அது. ஊரில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இப்படித்தான் ஏதாவது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, இல்லாத கோட்டைகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். இந்த மேசைக்குப் பத்மா நடுவர். கோட்டைக்குள் என்ன இருக்கிறது, வாளை வீசினால் என்ன ஆகிறது என்று கதையைச் சொல்லி நடத்துகிறவள். கோகிலவாணி மந்திரக்காரி. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற சேது வாள்வீரன். இருதயராஜ் பூட்டுக்காரன், எந்தக் கதவையும் ஒரு கம்பியால் திறந்துவிடுகிற கள்ளன். நிஜத்தில் அவர் லிப்ட் மெக்கானிக்.

விளையாட்டுப் புத்தகத்தில் உள்ள மந்திரங்கள் போதாதென்று ஆளாளுக்குச் சொந்தமாகவும் மந்திரம் எழுதினார்கள். கைமந்திரம் என்று அதற்குப் பெயர். முன்பெல்லாம் ஒருவர் கைமந்திரத்தோடு வந்து நின்றால், அது அளவுக்கு மீறியதா, சப்பையா, சரியா என்று நடுவர்தான் சொல்ல வேண்டும். சொன்னால் சண்டை. பத்து வருட நட்பு ஒரு தீப்பந்து மந்திரத்தால் முறிந்த மேசைகள் திருச்சியில் எத்தனையோ உண்டு. அந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் சமனி வந்தது.

மந்திரத்தை எழுதிப் போட்டால் போதும். சமனி தனக்குள் ஒரு லட்சம் நிழல்மேசைகளை விரித்து, ஒவ்வொன்றிலும் நிழல் மனிதர்களை உட்காரவைத்து, ஒரு வருடக் கதையை இரண்டே நிமிடத்தில் ஆடிப் பார்த்துவிடும். மந்திரம் உள்ள மேசையையும் இல்லாத மேசையையும் நூறு முறை ஒப்பிட்டால், எத்தனை முறை மந்திரம் உள்ளது முந்துகிறது என்பதுதான் மதிப்பெண். அறுபதைத் தாண்டினால் தடை. நாற்பதுக்குக் கீழே போனால் எழுதிய காகிதத்தில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றலாம். ஐம்பது என்றால் சமன், முத்திரை குத்தி அனுமதி.

கோகிலாவின் மந்திரத்துக்குப் பெயர் ‘திறவு’. மூடிய எதையும் ஒரு சொல்லில் திறக்கும். ஒரு நாளில் போடக்கூடிய ஆறு மந்திரங்களில் ஒன்று அதற்குச் செலவாகும், அவ்வளவுதான். யாரையும் அடிக்காது, எரிக்காது. பாவப்பட்ட மந்திரம்.

“ராஜண்ணன் போன் எடுத்தாரா அக்கா?” என்று கேட்டாள் கோகிலா.

“வேலை இருக்குன்னு மெசேஜ் போட்டிருக்காரு.”

“மூணு வாரமாவா? லிப்டெல்லாம் ஞாயித்துக்கிழமையாப் பாத்துதான் நிக்குதா?”

சேது சிரித்தார். பத்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேசை நடுவில் இருந்த சமனிப்பலகையில் எழுத்துகள் மின்னின: ‘ஒரு நாற்காலி காலி. மாற்று போடவா?’ மூன்று வாரமாக அது இதையே கேட்டுக்கொண்டிருந்தது.

“எங்க ஆபீஸ்ல ஒருத்தர் ரொம்ப நாளாக் கேட்டுட்டே இருக்காரு. வரச் சொல்லட்டுமா?”

“இருக்கட்டும் கோகிலா.”

“நான் ஒண்ணும் தப்பா எழுதலையேக்கா. ஐம்பது வாங்குன மந்திரம்.”

“உன்மேல தப்பில்ல” என்றாள் பத்மா. பிறகு யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. அன்றைக்குக் கதையில் மூன்று பூட்டிய கதவுகள் வந்தன. மூன்றையும் கோகிலாதான் திறந்தாள்.

பத்மாவுக்கு வேலையே நகரச் சமனி நிலையத்தில்தான். எட்டு வருடமாக மந்திரச் சரிபார்ப்பாளர். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் ‘திறவு’ மந்திரத்தை மறுபடி போட்டாள். ஐம்பது. பொதுவான நிழல் மனிதர்களை எடுத்துவிட்டு, தங்கள் மேசையின் ஒன்பது வருடப் பதிவைக் கொடுத்து, அவர்கள் நால்வரின் நிழல்களையே உட்காரவைத்துப் பார்த்தாள். அப்போதும் ஐம்பது. சமனி சரியாகத்தான் சொல்கிறது. அப்படியானால் ராஜ் ஏன் வரவில்லை?

மதிப்பெண்ணைப் பார்க்கிறவர்கள் யாரும் நிழல்மேசைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. தேவைப்பட்டதும் இல்லை. பத்மா அன்றைக்குத்தான் ஒன்றைத் திறந்து, அதில் நடந்ததை வரிவரியாகப் படித்தாள். நிழல் கோகிலா மந்திரம் சொன்னாள், கதவு திறந்தது. நிழல் சேது உள்ளே பாய்ந்தார். நிழல் ராஜ் முதல் வாரம் கம்பியை எடுத்தார், வைத்தார். மூன்றாவது வாரம் கம்பியை எடுக்கவே இல்லை. நான்காவது வாரம் எழுந்து போனார். அடுத்த வரியிலேயே அந்த நாற்காலியில் ‘மாற்று’ என்ற பெயரில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கதை நிற்காமல் ஓடியது.

இன்னொரு மேசையைத் திறந்தாள். அதிலும் எழுந்து போனார். பத்து, இருபது, நாற்பது என்று திறந்து பார்த்துவிட்டு, கடைசியில் மொத்தமாக எண்ணச் சொன்னாள். திறவு இருந்த மேசைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்றில் ராஜ் எழுந்து போயிருந்தார். ஒரு மேசையில்கூட அவரைக் கூப்பிட யாரும் பின்னால் போகவில்லை.

இது எப்படி ஐம்பதாகும்? விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். பதினேழாவது விதி: ‘நிழல் எவரேனும் எழுந்து போனதால் கணக்கு தடுமாறினால், உடனே மாற்று உட்காரவைக்கவும்.’ காலி நாற்காலி விதி என்று நிலையத்தில் எல்லோரும் சொல்வது அதைத்தான். கீழே கையெழுத்து இருந்தது. பத்மலோசினி. வேலையில் சேர்ந்த முதல் வருடம், மதிப்பெண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கின்றன என்று தலைமையகம் புலம்பியபோது அவள்தான் இந்த வழியைச் சொன்னாள். மதிப்பெண்கள் அடங்கின. அவளுக்குப் பாராட்டுக் கடிதமும் அரைக் கிலோ மைசூர்பாகும் கிடைத்தன.

விதியை நிறுத்தினாள். ஆட்டக்காரர் ஒருவர் எழுந்து போன மேசை மந்திரத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதாக எண்ணச் சொல்லி மறுபடி ஓட்டினாள். தொண்ணூற்று மூன்று. தடை. பத்மாவுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு ராஜைத் தேடிப் போனாள்.

கருமண்டபத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில், திறந்த லிப்ட் கதவோரம் ராஜ் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை கிரீஸ்.

“தொண்ணூத்தி மூணு வருது ராஜண்ணே” என்று பலகையை நீட்டினாள். “திறவு தடை. உங்க பக்கம்தான் நியாயம்.”

ராஜ் பலகையைப் பார்க்கவில்லை. கையைத் துணியில் துடைத்தார்.

“நம்ம கதையில கருங்கோட்டை வாசல்ல என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?”

“கோகிலா கதவைத் தொறந்தா.”

“எல்லாரும் உள்ள போனீங்க. நான் கம்பியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ என் மூஞ்சியப் பாத்த.”

பார்த்தாள்தான். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

“பாத்துட்டு, ஐம்பதுதானேன்னு அடுத்த அறைக்குப் போயிட்ட.”

“தப்புதாண்ணே.”

“கோகிலா மேல எனக்குக் கோவமே இல்ல. அவ மந்திரக்காரி, எழுதுவா. நீ நடுவரு. ஒன்பது வருசம் எதிர்ல உக்காந்தவன் எந்திரிச்சுப் போயிட்டான்னு தெரிஞ்சுக்க உனக்கு ஒரு மிசின் வேண்டியிருக்கு. வந்ததும் வந்த, அதோட நம்பரத் தூக்கிட்டு வந்திருக்க.”

ராஜ் ஸ்பேனரைத் தேடி எடுத்தார். அவள் இன்னும் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் கோபம் தணிந்து கேட்டார்.

“ஆமா, அந்த நிழல்மேசையில உன் நிழலு என்ன பண்ணிட்டிருந்துச்சு?”

அதை அவள் பார்க்கவே இல்லை.

நிலையத்துக்குத் திரும்பி, விதி இருந்தபோது ஓடிய பழைய மேசைகளையே எடுத்துத் தன் நிழலைத் தேடினாள். முதல் சில மாதங்கள் நிழல் பத்மா கதை சொன்னாள். யாராவது சந்தேகம் கேட்டால் மதிப்பெண்ணைப் படித்துச் சொன்னாள். பிறகு மற்றவர்களே பலகையைப் பார்த்துக்கொண்டார்கள். நாற்பதாவது வாரம் வாக்கில் அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். திறவு இருந்த மேசையிலும் போனாள், இல்லாத மேசையிலும் போனாள். யாரும் தலை நிமிரவில்லை.

ராஜின் நாற்காலிக்கு ஒவ்வொரு முறையும் மாற்று போட்ட சமனி, அவள் நாற்காலிக்கு ஒருமுறைகூடப் போடவில்லை. போடாமலே கணக்கு தடுமாறவில்லை.

அதற்குமேல் குழப்பம் வேறு. சமனியை நம்பி நம்பித்தான் இந்த நிலைக்கு வந்தோம் என்று அவளுக்கு இப்போது தெரிகிறது. யார் சொல்லித் தெரிகிறது? சமனி சொல்லித்தான். இதை நம்பினால் சமனியை நம்பக்கூடாது. அதை நம்பாவிட்டால் இதையும் நம்ப முடியாது. மேசையில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கிடந்தாள்.

கடைசியாக ஒன்றை எழுதிப் போட்டாள். ‘மந்திரத்தின் பெயர்: சமனி இல்லாமல். விளைவு: நடுவர் தன் வாயால் தீர்ப்புச் சொல்வார். கேள்வி: இருதயராஜ் திரும்பி வருவாரா?’

இரண்டு நிமிடம் கழித்து விடை வந்தது. நூறில் ஐம்பது மேசைகளில் வருகிறார். ஐம்பதில் வரவில்லை. அடியில் வழக்கம்போலத் தானாகவே முத்திரை விழுந்தது: ‘சமன். அனுமதிக்கப்பட்டது.’

வருவாரா மாட்டாரா என்று சமனிக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்கும் ஐம்பதுதான் போடுகிறது. எட்டு வருடமாகத் தன் கையால் இந்த முத்திரையோடு அனுப்பிய ஆயிரக்கணக்கான ஐம்பதுகளில் எத்தனை இப்படி ‘தெரியவில்லை’ என்று பத்மா யோசித்தாள்.

அந்த வாரம் ராஜுக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். ‘மன்னிச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை வாங்க. நம்பர் இல்ல.’ பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பலகையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மூன்றரை மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ராஜ் வந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து பகடையை எடுத்து வைத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பத்மா நினைத்தாள்.

“அப்ப திறவு?” என்றாள் கோகிலா.

மூன்று பேரும் பத்மாவைப் பார்த்தார்கள். அவள் கை பழக்கத்தில் பலகையைத் தேடிப் போனது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“வேண்டாம்னு நெனைக்கிறேன் கோகிலா.”

“ஏன்?”

“சரியாப் படல.”

“எதுல சரியாப் படல? எத்தனை வருது?”

“போட்டுப் பாக்கல. அதாவது, போட்டுப் பாத்தேன். அதுக்காகச் சொல்லல. எனக்கே தோணுது.”

“தோணுதுன்னா என்னக்கா அர்த்தம்? ரெண்டு மாசம் உக்காந்து எழுதுனது. ஐம்பது வாங்கிட்டு வந்து வெச்சேன். இப்ப ராஜண்ணன் வந்ததும் உங்களுக்குத் தோணுது.” கோகிலாவின் குரல் உடைந்தது. “அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?”

“அப்படி இல்ல கோகிலா…” என்று ராஜ் ஆரம்பித்தார். அவள் கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கதவு திறந்து மூடியது. படிகளில் அவள் காலடிச் சத்தம் இறங்கிக்கொண்டே போனது.

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. தான் சொன்னது சரியா, தவறா என்று பத்மாவுக்கு இந்த நிமிடம் சத்தியமாகத் தெரியவில்லை. கூப்பிட்டால் கோகிலா திரும்புவாளா என்றும் தெரியவில்லை. மறுபடி சமனியிடம் கேட்டால் அது ஒரு எண்ணைச் சொல்லும். கேட்கிற அந்த இரண்டு நிமிடத்தில் கோகிலா தெருமுனையைத் தாண்டியிருப்பாள்.

பத்மா எழுந்தாள். செருப்புப் போடக்கூட நிற்காமல், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே அவள் பின்னால் படியிறங்கி ஓடினாள்.

மேசையில் கவிழ்ந்து கிடந்த பலகை அதிர்ந்தது. ராஜ் அதைப் புரட்டிப் பார்த்தார். ‘இரண்டு நாற்காலிகள் காலி’ என்றிருந்தது. ‘ஒன்றுக்கு மாற்று போடவா?’

“ஒண்ணுக்குன்னா, யாரோடதுக்கு?” என்று கேட்டார் சேது.

ராஜ் பலகையை மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டு ஜன்னலருகே போய்த் தெருவை எட்டிப் பார்த்தார்.