ஏழாம் பதிவின் கடைசிப் பக்கம்

நேற்று தொள்ளாயிரத்து அறுபது பக்கமாக இருந்த பதிவு இன்று தொள்ளாயிரத்து அறுபத்து நான்காக இருந்தது.

தூக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் என்பது முப்பது வினாடி. படுத்திருப்பவரின் மூளைக்கு ஒரு கோடு, கண்ணுக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று, மூக்கில் வந்துபோகும் காற்றுக்கு ஒன்று என்று எட்டு மணி நேரத் தூக்கம் தொள்ளாயிரத்து அறுபது பக்கத்தில் அடங்கிவிடும். முடிந்துபோன இரவு வளராது. இருபது வருடம் நர்ஸாக இருந்தவளுக்கு எண்ணத் தெரியும். பயிற்சி நடத்தும் டாக்டரிடம் சொன்னாள். அவர் திரைப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கண்ணாடிய மாத்துங்க சிஸ்டர்."

பின்வரிசையில் பல் டாக்டர் சிரித்தார். வாசலில் மாட்ட இன்னொரு பலகை வேண்டும் என்று வந்தவர் அவர். தூக்கத்தைப் பற்றி அவர் எடுத்துக்கொண்ட அக்கறையெல்லாம் வகுப்பில் தூங்கியதுதான்.

ஆறு வாரத்தில் டாக்டர் சலிக்காமல் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. மூச்சுக் கோடு பத்து வினாடி படுத்தால் அடைப்பு. ஒரு நிமிடத்துக்கு மேல் படுத்தால் பதற வேண்டாம், ஒயர் கழன்றிருக்கும். அப்படியே எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். எழுந்து போய் ஆளைப் பார்க்கச் சொல்லவில்லை. எழுந்து போவது படித்தவர்கள் செய்கிற வேலை இல்லை என்பது அவர் எண்ணம்.

ஏழாம் பதிவு யாருடையது என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. பயிற்சிக்குக் கொடுக்கும்முன் பெயரை அழித்திருந்தார்கள். குறட்டையை அழிக்கத் தோன்றவில்லை. மூன்று இழுப்பு, நெடிய மௌனம், பிறகு சிமெண்ட் தரையில் நாற்காலியை இழுத்ததுபோல் ஒரு திணறல். இருபத்தாறு வருடம் அந்தச் சத்தத்தின் பக்கத்தில் படுத்தவள். கணவரை வற்புறுத்தி இங்கே ஓர் இரவு படுக்க வைத்ததும் அவள்தான். 'ஒயர் கழன்றது, மறுபரிசோதனை' என்று அறிக்கை கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துத் தேதி. இரண்டாம் மாதம் ஓர் இரவு, அவள் வேறு யாருடைய தூக்கத்துக்கோ காவலாக வார்டில் உட்கார்ந்திருந்தபோது, வீட்டில் மௌனத்துக்குப் பிறகு நாற்காலி இழுபடவில்லை.

கழன்றது ஒயரா, நின்றது மூச்சா. அதைத் தன் கண்ணால் படித்துத் தெரிந்துகொள்ளத்தான் பயிற்சியில் சேர்ந்தாள். படித்தாள். ஒரு நிமிடத்துக்கு மேல் மூச்சுக் கோடு படுத்த இடம் பதினொன்று. எங்கேயும் ஒயர் கழன்றிருக்கவில்லை. மார்பு எம்பி எம்பித் துடித்திருக்கிறது, காற்றுதான் உள்ளே போகவில்லை. முதல் வாரத்து மாணவனுக்குக்கூடப் புரியும்.

விளக்கை அணைக்கும்முன் ஒவ்வொரு பதிவிலும் ஒரு சடங்கு உண்டு. ஒயர்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, அடுத்த அறையிலிருந்து மைக்கில் சொல்வார்கள்: கண்ணை மூடுங்க, இடது பக்கம் பாருங்க, வலது பக்கம் பாருங்க, மூச்சைப் பிடிச்சுக்குங்க, விடுங்க. ஏழாம் பதிவில் அந்தக் குரல் டாக்டருடையது. 'பிடிச்சுக்குங்க' என்றதும் அவர் போன் அடிக்கிறது. குளியலறைக்கு எந்த நிற டைல்ஸ் என்று பேசிக்கொண்டே விளக்கை அணைக்கிறார். 'விடுங்க' வரவே இல்லை.

மறுநாள் காலை, தலைமுடியெல்லாம் பசை காய்ந்திருக்க, கணவர் அதைச் சொல்லிச் சிரித்தார். "புடின்னார், விடுன்னு சொல்லவே இல்லடி. டாக்டராச்சேன்னு நானும் கொஞ்ச நேரம் பாத்தேன்."

யார் சொன்னாலும் கேட்கிற மனிதர். பஸ்ஸில் கண்டக்டர் உள்ளே போகச் சொன்னால், இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப்போனாலும் உள்ளேயே நிற்பார்.

கண்ணாடியை மாற்றச் சொன்ன அடுத்த நாள் பதிவு தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. அதற்கடுத்த நாள் ஆயிரத்து நாற்பது. புதிய பக்கங்களில் மூச்சுக் கோடு ஆணியால் கீறினதுபோல் நேராகக் கிடந்தது. மார்பும் அசையவில்லை. ஆனால் மூளைக் கோட்டில் தூக்கம் இல்லை, சாவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பவரின் அலை, சீராக, பொறுமையாக, பக்கம் பக்கமாக. அடுத்து என்ன சொல்வார்கள் என்று காத்திருப்பவரின் அலை. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணாடியை மாற்றச் சொல்வார்கள்.

கடைசி நாள் டாக்டர் தானே படுத்துக் காட்டினார். பகல் இரண்டு மணி. ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு அது தெரியாது. தலையில் ஒயர்களை ஒட்டும்போது, பசையைக் கம்மியாகப் போடச் சொன்னார், சாயங்காலம் விருந்துக்குப் போக வேண்டுமாம். அவள் அடுத்த அறைக்கு வந்து மைக்கின் முன் உட்கார்ந்தாள். பல் டாக்டர் குறிப்பெழுதப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது திரையில் டாக்டரின் கோடுகள். வலது திரையில் ஏழாம் பதிவு திறந்திருந்தது. அவள் திறக்கவில்லை.

"கண்ண மூடுங்க."

மூடினார். வலது திரையிலும் ஒரு சின்ன அசைவு.

"இடது பக்கம் பாருங்க."

இரண்டு திரையிலும் கண் கோடு ஒன்றுபோல் சாய்ந்தது.

அவள் விரல் மைக் சுவிட்சின் மேல் இருந்தது. காய்ந்த பசையின் மணம். கணவரின் தலையணையில் ஒரு வாரம் போகாமல் இருந்த மணம். நிறுத்தியிருக்கலாம். வாய் பழக்கத்தில் போய்க்கொண்டிருந்தது.

"வலது பக்கம் பாருங்க. மூச்சப் புடிச்சுக்குங்க."

இடது திரையில் கோடு படுத்தது. வலதில் ஏற்கெனவே படுத்திருந்தது.

பத்து வினாடி.

"விடுங்க."

விட்டார்.

வலது திரையில்.

நெடிய ஒரு மூச்சு ஸ்பீக்கரில் இறங்கியது. ஒரு வருடம் நெஞ்சுக்குள் கிடந்த காற்று. பிறகு ஓர் இழுப்பு. இன்னொன்று. இன்னொன்று. நாற்காலி இழுபட்டது. மறுபடி இழுப்பு.

இடது கோடு எழவில்லை.

"விடுங்க டாக்டர்" என்றாள். மறுபடி சொன்னாள். சொல்லச் சொல்ல வலது திரையில்தான் மூச்சு ஆழமானது.

ஒரு நிமிடம் தாண்டியது. பல் டாக்டர் கொட்டாவி விட்டார். "ஒயர் கழண்டிருக்கும், சிஸ்டர். சார்தான் சொல்லியிருக்காரே." பாடம் மறக்காத மாணவர். அப்படியே தட்டச்சு செய்தார்.

அவள் எழ நினைத்தாள். ஸ்பீக்கரில் குறட்டை இப்போது சீராகிவிட்டிருந்தது; மௌனமும் இல்லை, திணறலும் இல்லை. இருபத்தாறு வருடத்தில் அவர் ஒரு நாளும் இப்படி நிம்மதியாகத் தூங்கிக் கேட்டதில்லை. சுவிட்சிலிருந்து விரலை எடுத்தாள்.

கேமராவில் டாக்டரின் கண்கள் திறந்திருந்தன. மார்பு அசையவில்லை. கண்கள் மட்டும், சொல்லிக்கொடுத்தபடியே, இடது பக்கம் போயின. வலது பக்கம் வந்தன. இடது. வலது.

பல் டாக்டர் அடுத்த பக்கத்துக்குப் போனார்.