உறையாத எச்சில்

தர்மிகாவுக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. டோர்ட்மண்டில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். கிழடுகளின் பல்செட்டைக் கழற்றிக் கழுவி, வாயோரம் வழியும் கஞ்சியைத் துடைத்து, நனைந்த விரிப்பை முகம் சுளிக்காமல் மாற்றிவிட்டு, அதே கையால், கழுவிவிட்டுத்தான், இடியப்பம் பிசைந்து சாப்பிடக்கூடியவள். அப்படிப்பட்டவளே, பவேரிய மலைக் கிராமத்தில் வாடகைக்கு எடுத்திருந்த அந்தப் பழைய மரவீட்டின் கதவு திறந்ததும் மூக்கைப் பொத்தினாள்.

“என்ன மணமப்பா இது?”

“பழைய வீடெல்லே. அடுப்புப் புகையா இருக்கும்,” என்றான் கணவன் தாரகன், பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளிலிருந்து இறக்கியபடி.

புகையும் இருந்தது. அதற்கு அடியில் வேறொன்று கிடந்தது. காறிப்போன கொழுப்பின் நெடி. விறகடுப்பு சூடேறியதும் அது அடங்கிவிட்டதால் தர்மிகாவும் மறந்துபோனாள். மகள் தேனுஜாவுக்கு எந்த மணமும் தெரியவில்லை. வகுப்பில் எல்லாரும் சறுக்கப் போகிறார்கள், தான் மட்டும் போகவில்லை என்று மாதக்கணக்காக அரித்து எடுத்துத்தான் அவள் இந்தப் பயணத்தை வாங்கியிருந்தாள்.

வீட்டின் உரிமையாளர் சாண்ட்ரா பக்கத்திலேயே குடியிருந்தாள். சாவியைக் கொடுக்கும்போது, “குளிர் மைனஸ் இருபதுக்குக் கீழே போகும். குழாயை லேசாகச் சொட்ட விடுங்கள். சாப்பாடு எதையும் வெளியே வைக்காதீர்கள்,” என்றாள். நரித் தொல்லையாக்கும் என்று இருவரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் தேனுஜா விழுந்து விழுந்து சறுக்கினாள். கன்னம் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுக, அவள் போட்ட கூச்சலில் தாரகன்கூட வாய்விட்டுச் சிரித்தான். தகப்பன் போன பிறகு அவன் அப்படிச் சிரித்ததை தர்மிகா பார்க்கவில்லை. தகப்பன் பரராசசிங்கம் யாழ்ப்பாணத்தில் இறந்தபோது இங்கே பனிப்புயலால் விமானம் கிளம்பவில்லை. கொள்ளி வைக்க மகன் போய்ச்சேரவில்லை. அந்தக் குற்றவுணர்வு அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டேயிருந்தது.

அடுத்த நாள் தை அமாவாசை. குளிர் கடுமையாகி மலையேற்றிக் கம்பிவண்டியையே நிறுத்திவிட்டார்கள். தாரகன் தகப்பனுக்காக விரதம். தர்மிகா டோர்ட்மண்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாமான்களில் பருப்பும் பூசணிக்காயும் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வைத்து, வடை சுட்டாள். காகம் சாப்பிடாமல் விரதகாரர் வாயில் பருக்கை வைக்கக் கூடாது. ஆகவே தாரகன் வாழையிலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் படைத்து, மாடத்துக் கைப்பிடியில் வைத்தான்.

“வெளியிலை வைக்க வேண்டாம் எண்டு மனுசி சொன்னதெல்லே?”

“ஒரு கவளம் சோறுதானே. காகத்துக்கு வைக்கிறது சாப்பாடு வைக்கிற கணக்கே?”

மலைக் காகங்கள் மேலே வட்டமிட்டன. ஒன்றும் இறங்கவில்லை. சோற்றின் ஆவி அடங்கியது. தாரகனுடைய முகம் வாடுவதை தர்மிகா கண்ணாடிக்கு உள்ளிருந்து பார்த்தாள். பாவமாக இருந்தது. அவன் கையைக் குவித்துக் கூப்பிட்டான்.

“கா... கா... அப்பா, வாங்கோ. சாப்பிடுங்கோ. என்னோடை கோவிக்காதேங்கோ.”

காகங்கள் ஒரே சமயத்தில் கத்தி, மலைக்கு அப்பால் பறந்துபோயின. கதவைச் சாத்தியதுபோல் காற்று நின்றது. தாரகன் மூக்கைத் துடைக்கத் திரும்பினான். மறுபடி பார்த்தபோது இலை வெறுமையாக இருந்தது.

“வந்திட்டார்! தர்மிகா, அப்பா வந்திட்டார்!”

அவன் அழுதான். அவளுக்கும் கண் கலங்கியது. அந்தக் கலக்கம் இலையைக் கையில் எடுக்கும் வரைதான்.

இலை நக்கப்பட்டிருந்தது. நரம்பெல்லாம் வெளிறும்படி வழித்து நக்கப்பட்டிருந்தது. அதன்மேல் விரற்கடை தடிப்பில் சளிபோன்ற எச்சில், நடுவில் இரண்டு நரைமயிர், கறுத்த ஒரு பல் துண்டு. துப்பினாலே தரையில் கல்லாக விழும் குளிர் அது. இந்த எச்சில் உறையவில்லை.

இளஞ்சூடாக இருந்தது.

மணமும் அவளுக்குத் தெரிந்த மணம்தான். நாட்கணக்கில் ஒருவரும் கழுவிவிடாத வாயின் மணம். ஆனால் இது அதைவிடப் பழசு. தர்மிகா கழுவுதொட்டியில் குனிந்து காலைத் தேநீரையெல்லாம் கக்கினாள்.

“உங்கடை அப்பா நுனிவிரலாலை சாப்பிடுற மனுசன். இது அவரில்லை,” என்றாள் வாயைத் துடைத்தபடி.

“நீர் சும்மா இரும். பசியோடை வந்திருக்கிறார்.”

அவன் இன்னொரு அகப்பை சோறு கொண்டுபோய் வைத்தான். பிறகு இன்னொன்று. கைப்பிடியிலிருந்து எச்சில் நூலாக வழிந்து, பனியில் மஞ்சள் குழி விழுத்தியது.

அதன்பின் மூவரும் மேசையில் அமர்ந்தார்கள். தேனுஜா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்பிடு, பிள்ளை.”

“ஏலாது அம்மா. அப்பப்பா இன்னும் முடிக்கேல்லை.”

தட்டில் சோற்றுக் குவியலின் ஒரு பக்கம் சரிந்தது.

மெல்ல, ஒரு நாக்கின் அகலத்துக்கு.

சப்புக் கொட்டும் சத்தம் கேட்டது. பருப்பின் மேல் நுரை நுரையாக எச்சில் பொங்கியது. தாரகன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். “அப்பா இல்லை,” என்று அவன் முணுமுணுத்தது யாருக்கும் பயன்படவில்லை. தர்மிகா பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, காலணிகூடச் சரியாக மாட்டாமல் சாண்ட்ராவின் வீட்டுக்கு ஓடினாள்.

சாண்ட்ரா முழுவதையும் கேட்டாள். திட்டவில்லை.

“வைத்ததோடு விட்டிருந்தால் தின்றுவிட்டுப் போயிருப்பான். கூப்பிட்டீர்களா?”

“ஓம்... ஆமாம்.”

“என்னவென்று?”

“அப்பா என்று.”

சாண்ட்ரா நெஞ்சில் சிலுவைக்குறி போட்டாள். “அந்த வீட்டில் முன்பு வாழ்ந்த கிழவன். சோற்றுக்கு வழியில்லாத ஒரு பனிக்காலத்தில், அதிகம் தின்கிறான் என்று அவனுடைய பிள்ளைகளே அவனை வெளியே விட்டுக் கதவைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை.”

மாலை மங்குவதற்குள் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். காரில் சூடு போட்டதும் பின்னிருக்கையிலிருந்து அந்த நெடி எழுந்தது. தாரகன் கண்ணாடியை இறக்கி, உறையும் காற்றில் பல் கிட்ட ஓட்டினான். நெடி போகவில்லை.

டோர்ட்மண்டில் தேனுஜாவுக்கு எதைக் கொடுத்தாலும் எச்சில் பட்டது. ரொட்டியில் பல் இல்லாத ஈறு பதிந்திருந்தது. பால் குவளையில் நரைமயிர் மிதந்தது. பிள்ளை நாளுக்கு நாள் வற்றினாள். வைத்தியர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை அடம்பிடிக்கிறது என்றார். பிள்ளையைப் பட்டினியிலிருந்து காப்பாற்ற தர்மிகாவுக்கு ஒரு வழிதான் புலப்பட்டது. முதல் சோற்றை அவனுக்கே கொடுத்துவிடுவது.

தாரகனுக்கு நாக்கு எழவில்லை. அவள்தான் மாடத்தில் இலையை வைத்து, குமட்டலை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

“அப்பா, வாங்கோ. சாப்பிடுங்கோ.”

அன்று தேனுஜாவின் தட்டு சுத்தமாக இருந்தது. அவள் வழித்துச் சாப்பிட்டாள். அதிலிருந்து தினமும் முதல் சோறு அவனுக்கு. தினமும் அந்த இலையைக் கையுறை போட்டு எடுத்து வீசுவாள். கையுறைக்குள்ளும் வழுவழுப்புத் தெரியும். இல்லத்தில் எத்தனையோ வாய்களைத் துடைத்தவள், இப்போது தன் வாயில் கவளம் வைக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள். சீ என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது. பிள்ளை தேறினாள், அது போதும் என்றிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வைத்த சோறு அப்படியே இருந்தது.

அவள் இரண்டு முறை கூப்பிட்டாள். பருக்கை அசையவில்லை. காய்ந்து விறைத்தது. கடைசியில் ஒரு காகம் வந்து கைப்பிடியில் உட்கார்ந்து, அச்சமில்லாமல் கொத்தித் தின்றது. நல்ல, அழுக்கான, சாதாரணக் காகம். தாரகன் மனைவியின் கையைப் பிடித்தான்.

“போயிட்டான் போலை.”

அவளுக்கு விம்மல் வெடித்தது. சிரிப்பும் அழுகையுமாகப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச அறைக்குப் போனாள். தேனுஜா கம்பளத்தில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலைமயிர் ஈரமாக, வகிடெடுத்துப் படிய வாரினாற்போல் மண்டையோடு ஒட்டியிருந்தது. ஒரு கன்னம் பளபளத்தது.

“ஏன் தலை ஈரம், குஞ்சு?”

“அப்பப்பா.”

“அவர் இண்டைக்குச் சாப்பிடவே வரேல்லையே?”

“சோறு அலுத்துப் போச்சாம் அம்மா.”

தர்மிகா மகளை வாரி அணைத்து, தன் சட்டைக் கையால் அந்தக் கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, காய்ந்திருந்த மற்றக் கன்னம் தாடையிலிருந்து கண்வரை மெல்ல ஈரமானது.